விலை போடாத பட்டியல்

மேசையை முன்பதிவு செய்திருந்தது என் பெயரில். பணம் கட்டப்போவதும் என் அட்டையில். வந்திருந்த ஐந்து பேரில் வயதிலும் பதவியிலும் மூத்தவள் நான்தான். மன்ஹாட்டன் நடுப்பகுதியில் இருக்கும் அந்த ஸ்டேக்ஹவுஸில் நாங்கள் உட்கார்ந்ததும், தோல் அட்டை போட்ட கனமான ஒயின் பட்டியலை வெயிட்டர் கொண்டுவந்தார். என்னைத் தாண்டிக் கையை நீட்டி, என் குழுவில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத கோயம்புத்தூர்ப் பையனிடம் கொடுத்தார். அவன் குடிப்பதில்லை. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையில் வாங்கியவனைப் போல அவன் அதை என் பக்கம் தள்ளி, "அக்கா, இத நீங்களே பாத்துக்குங்க" என்றான்.

ஒயினைத் தேர்ந்தெடுத்துச் சொன்னது நான். ஆனால் புட்டியைத் திறந்ததும் முதல் மிடறு ருசி பார்க்க ஊற்றப்பட்டது எதிரில் இருந்த வாடிக்கையாளர் நிறுவனத்து ஆணுக்கு. அவர் சுழற்றி, முகர்ந்து, தலையாட்டினார். கடைசியில் பில்லும் அவர் பக்கமே போனது. ஒரே இரவில் மூன்று முறை. மூன்றையும் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது.

இந்தப் பட்டியலை நான் பிறகு இரண்டு தடவை போய் முழுதாகப் படித்தேன். புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுவதுபோல ஒயின் பட்டியலுக்கும் எழுதலாம். அதற்கும் ஆசிரியர் உண்டு, வாசகர் உண்டு, விட்டுவிட்ட பக்கங்கள் உண்டு. யாரை நினைத்து எழுதினார்கள் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

ஒரு பெண் தமிழில் மதுவைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். ஒரு தரப்பு ஒழுக்கத்தைக் கேட்கும். இன்னொரு தரப்பு, குடியால் அழிந்த குடும்பங்களின் பெண்கள் டாஸ்மாக் கடை வாசலில் உட்கார்ந்து போராடும்போது உனக்கு நியூயார்க்கில் ஒயின் ருசி ஒரு பிரச்சினையா என்று கேட்கும். இரண்டாவது கேள்வி நியாயமானது. அது எங்கள் வீட்டுக் கேள்வியும்கூட. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் பக்கம் ஷாம்பெய்ன். மஞ்சள் லேபிளோடு அங்கே நிற்பது வெவ் கிளிக்கோ. பிரெஞ்சில் 'வெவ்' என்றால் கைம்பெண். உலகம் முழுக்கக் கல்யாணத்துக்கும் பதவி உயர்வுக்கும் உடைக்கப்படும் புட்டியின் மேல் கைம்பெண் என்று அச்சடித்திருக்கிறது. நம் ஊரில் மங்கல காரியத்துக்கு எதிரில் வரக்கூடாது என்று சொல்லப்பட்ட அதே சொல்.

பார்ப்-நிக்கோல் பொன்சார்தானின் கணவர் பிரான்சுவா கிளிக்கோ 1805இல் இறந்தபோது அவருக்கு வயது 27. அதற்கு முந்தைய ஆண்டு வந்த நெப்போலியன் சட்டத்தின்படி திருமணமான பெண் கணவனின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவள். அவன் அனுமதி இல்லாமல் சொந்தமாக ஒப்பந்தம் போட முடியாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. அவர் கம்பெனியை எடுத்து நடத்தினார். புட்டிக்குள் தங்கும் ஈஸ்ட் மண்டியை வெளியேற்றுவதுதான் அன்றைய ஷாம்பெய்ன்காரர்களின் பெரிய தலைவலி. துளையிட்ட மேசையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்கு இறக்கும் முறை அவருடைய கிடங்கில்தான் உருவானது. இன்று நாம் பார்க்கும் தெளிந்த ஷாம்பெய்ன் அதிலிருந்து வந்தது. அதே பக்கத்தில் பொம்மெரி இருக்கிறது. 1858இல் கணவரை இழந்த லூயிஸ் பொம்மெரி, எல்லோரும் தித்திப்பாகக் குடித்துக்கொண்டிருந்த ஷாம்பெய்னைச் சர்க்கரை குறைத்து 1874இல் கொண்டுவந்தார். பொலாஞ்ஜேவும் இருக்கிறது. லில்லி பொலாஞ்ஜே 1941இல் கணவர் இறந்தபின் முப்பது ஆண்டுகள் அதை நடத்தியவர்.

ஒரே பக்கத்தில் மூன்று கைம்பெண்கள். இதைப் பெண்களின் வெற்றி என்று விளம்பரத்தில் சொல்வார்கள். எனக்கு வேறு கணக்கு தோன்றியது. கணவர் நூறு வயது வாழ்ந்திருந்தால் இந்தப் பெயர்கள் பட்டியலில் வந்திருக்குமா? எத்தனை மனைவிகள் கிடங்கையும் கணக்கையும் பார்த்துக்கொண்டு பெயரில்லாமல் போனார்கள்?

அடுத்த பக்கத்திலிருந்து பட்டியல் சிவப்பாகிறது. பாதிக்குமேல் கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கிலிருந்து வரும் கேபர்னே சாவிஞான். அமெரிக்க ஸ்டேக்ஹவுஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு ஒரு காரணம் உண்டு, அது தவறான காரணமும் இல்லை. ஒயினில் உள்ள டானின் என்பது நமக்கு நன்றாகத் தெரிந்த துவர்ப்புதான். வாழைப்பூவிலும் பாக்கிலும் கடுக்காயிலும் இருக்கும் அதே சுவை. அறுசுவையில் அதற்கு இடம் கொடுத்த மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி விளக்க வேண்டியிருக்கிறது. டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் உலர்ந்து இழுக்கிறது. கொழுப்பும் புரதமும் உப்பும் நிறைந்த இறைச்சி கூட இருந்தால் அந்த இழுப்பு தணிகிறது. கொழுப்பு ஓடிய ரிப்ஐ துண்டுக்குத் துவர்ப்பான கேபர்னே பொருந்துவது இதனால்தான்.

ஆனால் எல்லாத் துண்டும் ரிப்ஐ அல்ல. ஃபிலே மின்யோன் மாட்டின் மிக மென்மையான பகுதி. அதில் கொழுப்பு குறைவு. அதன்மேல் பதினைந்து சதவீத ஆல்கஹால் உள்ள கேபர்னேயை ஊற்றினால் இறைச்சி காணாமல் போய்விடும். மிளகு பொதிந்து சுட்ட துண்டோடு குடித்தால் ஆல்கஹால் மிளகின் காரத்தை ஏற்றித் தொண்டையை எரிக்கும். ஃபிலேவுக்குப் பிரான்சின் லுவார் பகுதியிலிருந்து வரும் ஷினோனோ, நல்ல பொழோலேவோ, வயதான ரியோஹாவோ பொருந்தும். இந்தப் பட்டியலில் லுவார் சிவப்பு புட்டியாக ஒன்றுகூட இல்லை. பொழோலே ஒன்றே ஒன்று. வெள்ளை ஒயின்களில் பெரும்பாலும் ஓக் மரத்தில் ஊறி வெண்ணெய் வாசம் அடிக்கும் ஷார்டனே. சிப்பியும் நண்டும் மீனும் விற்கும் கடையில் கூர்மையான புளிப்புள்ள வெள்ளை ஒயின் இரண்டோ மூன்றோதான். சமையலறை விற்கும் உணவுக்கு இந்தப் பட்டியல் எழுதப்படவில்லை. பெரிய துண்டு, பெரிய ஒயின், பெரிய ஆள் என்று மனதில் இருக்கும் ஒரு படத்துக்காக எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் படம் சொற்களிலும் இருக்கிறது. அமெரிக்காவின் பல ஸ்டேக்ஹவுஸ்களில் பிரைம் ரிப்பின் பெரிய துண்டுக்கு ராஜா வெட்டு என்றும் சிறிய துண்டுக்கு ராணி வெட்டு என்றும் பெயர். ஒயின் விமர்சனத்திலும் அப்படித்தான்: திடமானது, முறுக்கானது என்றால் ஆண்மையான ஒயின், நறுமணமானது, மெலிதானது என்றால் பெண்மையான ஒயின். பர்கண்டியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களான பொம்மாரையும் வொல்நேயையும் இப்படித் தம்பதிபோலப் பிரித்து எழுதியவர்கள் ஏராளம். நான் படித்த பட்டியலிலும் ஒரு கேபர்னேக்கு 'ஆண்மை மிக்கது' என்ற குறிப்பு இருந்தது. அந்த ஒயினின் வாசம் என்ன, துவர்ப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று எனக்கு அந்தச் சொல்லிலிருந்து எதுவும் தெரியவில்லை. விமர்சனச் சொல்லாக அது உதவாது என்பதே என் முதல் ஆட்சேபம். அரசியல் ஆட்சேபம் இரண்டாவதுதான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒயின் துறையில் 1974இல் முதல் பெண் ஆசிரியராகச் சேர்ந்த ஆன் நோபிள், 1984இல் வாசனைச் சக்கரம் ஒன்றை வெளியிட்டார். ராஸ்பெரி, மிளகு, ஈர மண், புகையிலை, குடமிளகாய் என்று மூக்கால் சரிபார்க்கக்கூடிய சொற்களை வரிசைப்படுத்திய வட்டம். உயர்ந்தது, கண்ணியமானது, ஆண்மையானது என்ற பாராட்டுகளுக்கு அதில் இடமில்லை. யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமை. பட்டியலை எழுதியவர் அந்தச் சக்கரத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

ஆண்மை மிக்கது என்ற சொல்லுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியலில் மிக உயர்ந்த விலையுள்ள நாப்பா கேபர்னேக்களில் ஒன்று ஸ்க்ரீமிங் ஈகிள், அதாவது அலறும் கழுகு. புட்டி பல ஆயிரம் டாலர். பணக்கார ஆண்கள் ஏலத்தில் அடித்துக்கொள்ளும் ஒயின். அந்தத் தோட்டத்தை 1986இல் வாங்கித் தொடங்கியவர் ஜீன் பிலிப்ஸ், வீட்டுமனைத் தரகராக இருந்த பெண். 1992இல் அதன் முதல் ஒயினைச் செய்து பெயர் வாங்கித் தந்தவர் ஹைடி பேரட். அதே பள்ளத்தாக்கில் 1987 முதல் தன் பெயரில் கேபர்னே செய்யும் கேத்தி காரிசன், எல்லோரும் பழத்தை அதிகம் கனியவிட்டு ஆல்கஹாலை ஏற்றிய காலத்திலும் அளவோடு நின்றவர். அவருடைய ஒயின் இந்தப் பட்டியலில் இல்லை. ஃபிலேவோடு வைக்கத்தக்க நாப்பா கேபர்னே எது என்று என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

ஒயினை விடுங்கள், ஸ்டேக்ஹவுஸின் இறைச்சிக்கே வாருங்கள். புருக்ளினில் இருக்கும் பீட்டர் லூகர் என்ற பழைய கடையை 1950இல் சால் ஃபோர்மன் வாங்கியபோது, இறைச்சி தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டது அவர் மனைவி மார்ஷா. ஓய்வுபெற்ற அரசுத் தரப் பரிசோதகர் ஒருவரைப் பிடித்து, மொத்த இறைச்சிச் சந்தைக்குப் போய்ப் போய்ப் பழகினார். பிறகும் அந்த வேலை அவர் மகள்களிடமும் பேத்தியிடமும்தான் இருந்தது. நியூ ஆர்லியன்ஸில் ரூத் ஃபெர்டெல், விவாகரத்தான பெண், இரண்டு பையன்களின் தாய், மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1965இல் வீட்டை அடமானம் வைத்து கிறிஸ் ஸ்டேக்ஹவுஸை வாங்கினார். கடன் 22,000 டாலர். மாட்டின் இடுப்புப் பகுதி இறைச்சியை அவரே ரம்பத்தால் அறுத்தார். குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் தாய்மார்களைத் தேடி வேலைக்கு வைத்தார். இன்று ரூத்ஸ் கிறிஸ் என்ற பெயரில் அது பெரிய சங்கிலி. ஃப்ளோரிடாவின் டாம்பாவில் பெர்ன்ஸ் என்று ஒரு ஸ்டேக்ஹவுஸ் உண்டு. 6000க்கும் மேற்பட்ட வகை ஒயின்கள். உணவகக் கிடங்குகளில் உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. 1956இல் அதைத் தொடங்கியது பெர்ன், கெர்ட் என்ற தம்பதி. புதுப் பலகைக்குக் காசில்லாமல், முன்பிருந்த 'பீர் ஹேவன்' பலகையின் ஆங்கில எழுத்துகளைக் கழற்றிப் பெர்ன் என்று அமைத்து, ஓர் 'எஸ்' மட்டும் விலைக்கு வாங்கினார்கள் என்று அந்தக் கடையின் கதை சொல்கிறது. சிக்கனமான கதைதான். கெர்ட்டின் பெயர் மட்டும் பலகையில் ஏறவில்லை.

இனி விலை. அமெரிக்க உணவகங்களில் பொதுவான கணக்கு இது: மொத்த விலையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு புட்டி விலை. ஒரு கிளாஸின் விலை, கடைக்காரர் அந்தப் புட்டிக்குக் கொடுத்த முழு விலைக்குக் கிட்டத்தட்டச் சமம். 750 மில்லி புட்டியில் ஐந்து கிளாஸ் வரும். முதல் கிளாஸிலேயே முதல் திரும்பிவிடும். விலை ஏற ஏற மடங்கு குறையும். அதாவது ஆயிரம் டாலர் புட்டி வாங்குகிறவருக்கு நியாயம் கூடுதல். ஒரு கிளாஸ் வாங்குகிறவருக்கு அநியாயம் கூடுதல். யார் கிளாஸ் கணக்கில் வாங்குவார்கள்? தனியாகச் சாப்பிட வந்தவர்கள், வண்டி ஓட்டிப் போகவேண்டியவர்கள், வீட்டில் குழந்தை காத்திருப்பவர்கள், போதையோடு ரயிலில் தனியே போகப் பயப்படுகிறவர்கள். இந்தப் பட்டியலில் கிளாஸ் பக்கம் கடைசிக்கு முந்தியது. அரைப் புட்டிகள் நான்கே நான்கு. நான்கு ஆண்கள் இரண்டு புட்டி எடுக்கும் மேசைதான் இதன் அளவுகோல். தனியாக வந்த பெண் இதில் அச்சுப்பிழை.

அவள் இங்கே வருவதே அண்மைக்காலப் பழக்கம். 1868இல் நியூயார்க்கில் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்குப் பத்திரிகையாளர்கள் கொடுத்த விருந்தில் பெண் பத்திரிகையாளர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. கோபத்தில் ஜேன் கன்னிங்ஹாம் க்ரோலி சொரோசிஸ் என்ற பெண்கள் சங்கத்தை ஏற்படுத்தினார். ஸ்டேக்குக்குப் பேர்போன டெல்மோனிகோஸில் ஆண் துணையில்லாமல் கூடிச் சாப்பிட்டார்கள். நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, 1980இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் லோரான்ஜெரி என்ற பிரெஞ்சு உணவகத்துக்கு ஒரு பெண் தன் தொழில் கூட்டாளியான ஆணை விருந்துக்கு அழைத்துப் போனார். அழைத்ததும் பணம் கட்டப்போவதும் அவர். ஆணுக்குக் கொடுத்த பட்டியலில் விலை இருந்தது. அவருக்குக் கொடுத்ததில் விலை இல்லை. பெண்களுக்கு விலை போடாத பட்டியல் கொடுப்பது அப்போது உயர்தர உணவகங்களின் மரியாதை. வழக்கறிஞர் குளோரியா ஆல்ரெட் மூலம் வழக்கு போட்டார்கள். உணவகம் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. இன்று அநேகமாக எல்லாப் பட்டியலிலும் விலை இருக்கிறது. யார் கைக்குப் போகிறது என்பதில்தான் பழைய மரியாதை தங்கியிருக்கிறது.

இரண்டாம் முறை தனியாகப் போனேன். அன்று மேசைக்கு வந்த சொம்லியே ஓர் இளம்பெண். ஒயின் அறிந்து பரிந்துரைக்கும் அந்த வேலையில் 1987இல்தான் முதல் அமெரிக்கப் பெண், மேட்லின் ட்ரிஃபான், மாஸ்டர் பட்டம் பெற்றார். 2020இல் அந்தப் பட்டத்தை வழங்கும் அமைப்பின் அமெரிக்கக் கிளையைச் சேர்ந்த ஆண் மாஸ்டர்கள் தங்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாக 21 பெண்கள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிடம் சொன்னார்கள். கற்றுக்கொடுப்பவரும் தேர்வு வைப்பவரும் வேலைக்குப் பரிந்துரைப்பவரும் ஒரே ஆண்கள் கூட்டமாக இருந்தால் என்ன நடக்கும் என்பது நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்த பெண்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஃபிலேவுக்கு என்ன குடிக்கலாம் என்று கேட்டேன். அந்தப் பெண் பட்டியலின் நடுப்பக்கங்களைத் திறக்கவே இல்லை. கிளாஸ் பக்கத்தைத் திருப்பி ஒரு ஷினோனைக் காட்டினார். வாசனைச் சக்கரத்தில் இருக்கும் சொற்களால் சொன்னார்: ராஸ்பெரி, கொஞ்சம் குடமிளகாய், மெல்லிய துவர்ப்பு. அப்படியே இருந்தது. புட்டிப் பக்கங்களில் இந்த வகை ஏன் இல்லை என்றதற்கு, அவை தன் பொறுப்பு அல்ல, கிளாஸ் பக்கம் மட்டும் தன்னுடையது என்றார். திரும்பப் படித்தேன். உண்மைதான். எட்டு ஒயின்கள், எட்டும் சமையலறையை நினைத்து எழுதியவை. கடையின் மிகச் சிறந்த பக்கத்தை எழுதியவருக்குக் கடைசிக்கு முந்திய பக்கம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் முறை அம்மாவோடு போனேன். திருநெல்வேலியிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். அம்மா மாடு சாப்பிடமாட்டார். சுட்ட மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினோம். அதே பெண்தான் வந்தார். பட்டியலை மேசை நடுவில், இருவருக்கும் பொதுவாக வைத்தார். இந்தக் கட்டுரை கேட்கும் முதல் சீர்திருத்தம் அதுதான். அதற்குக் காசு செலவில்லை.

என் அப்பா குடித்தார். எவ்வளவு குடித்தார் என்று அவருக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். ரேஷன் பணம், என் பள்ளிக்கூடக் கட்டணம், அடகுக்குப் போன வளையல் என்று ஒவ்வொரு புட்டிக்கும் விலை அம்மாவிடம் இருந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் இருந்ததில்லை. விலை போடாத பட்டியலைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது லாஸ் ஏஞ்சலிஸ் அல்ல. டாஸ்மாக் வாசலில் உட்காரும் பெண்ணும், பணம் கட்டியும் பட்டியல் கிடைக்காத பெண்ணும் ஒரே துன்பத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். இழப்பின் அளவு வேறு. ஆனால் என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்பதை ஆண் தீர்மானிப்பான், பெண் ஈடுகட்டுவாள் என்ற ஏற்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அம்மா பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலதுபுற எண்களை மட்டும் விரலால் மேலிருந்து கீழே படித்தார். "ஒரு கிளாசு இருவத்திரண்டு டாலரா? அப்படி என்னட்டி இருக்கு இதுல?" என்றார். என் கிளாஸில் அன்று கேபர்னே. முகர்ந்துவிட்டு நுனிநாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தது.

"ஏட்டி, இது கடுக்கா கஷாயம்லா. மீனுக்கு எவனாவது இதக் குடிப்பானா?"

அம்மா சொன்னது சரி. மீனோடு டானின் சேர்ந்தால் நாக்கில் இரும்பு வாடை ஏறும். ஆண்மை மிக்கது என்று எழுதியவரைவிட அம்மாவுக்கு அந்த ஒயின் நன்றாகப் புரிந்திருந்தது. நான் கிளாஸ் பக்கத்தைத் திருப்பி, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மீனுக்கு எது என்று கேட்டேன்.